கய்யாலை ஓரம் வெட்டிய மண்

கல்லுவிளை, திருவட்டாறு வழி
15.4.2007

அத்தானுக்கு,

சுகம் விசாரித்துக்கொள்ளும் நிலைமையில் நாம் இரண்டு பேரும் இல்லை. ஜிஷாவுக்கு முழுப் பரீட்சை முடிந்துவிட்டது, எனக்குத் தலைவலி இல்லை, அவ்வளவு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஈஸ்டர் அன்று ஜங்ஷனில் நின்று உங்களோடு போனில் பேசினேனே, நீங்கள் போட்ட சத்தம் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "இனி இந்தப் பேச்சை எடுத்தா போனே பண்ணாத" என்று வைத்துவிட்டீர்கள். சரி, போன் பண்ணவில்லை. எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. நம் வீடு கிடக்கும் பள்ளத்தில் நீங்கள் வாங்கித் தந்த மொபைலுக்கு ரேஞ்சு கிடையாது. மேலே பெரியத்தான் வீட்டு முற்றத்தில் ஏறினால் முழுசாகக் கிடைக்கும், அங்கே லேண்ட்லைனும் இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் மூன்று வருஷமாக நீங்கள் கால் வைக்கவில்லை. நானும் வைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தை நேற்று மீறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. நேற்றுக் காலையில் உங்கள் மைனி ஸ்டெல்லா அக்கா அவர்கள் வீட்டு எல்லைக் கய்யாலைக்கு மேலே நின்று என்னை விளித்தாள். "ஏட்டி கிரேசி, ஒண்ணு ஏறி வந்து பாரு, எனக்க முற்றம் வாய தொறந்திருக்கு" என்றாள். ஏறிப் போனேன். அவர்கள் முன்னறைக்கும் கய்யாலைக் கற்கட்டுக்கும் நடுவில், கற்கட்டுக்கு ஒட்டினாற்போல, நீளமாக ஒரு விரிசல். இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தாளை விரிசல் மேல் வைத்தே போட்டேன். ஒரு பென்சில் தடிமன் இருக்கும்.

அதற்கு நேர் கீழேதான் நீங்கள் லீவில் வந்து வெட்டியது. ஒரு மாசம் முழுக்கச் சின்ன டிராக்டரின் முன்னால் பக்கெட்டை மாட்டிக்கொண்டு, சோறு தின்னக்கூட இறங்காமல், வண்டி திரும்ப முற்றம் வேண்டும் என்று குன்றைக் கோரினீர்களே. இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதன் தலையில் கய்யாலை. கய்யாலையில் இருந்து நாலடியில் அவர்கள் முன்னறை.

இன்னொன்று. மேலே இருந்து வரும் மழைத் தண்ணீர் போக நம் பக்கத்தில் ஒரு ஓடை இருந்ததே, அதை டிராக்டர் திருப்பத் தடையாக இருக்கிறதென்று மண் போட்டு மூடினீர்கள். இப்போது தண்ணீர் மேலேயே தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. வெட்டிய சுவரின் நடுவில் ஈரம் கசிகிறது. நான் வேலை தெரிந்தவள் இல்லை. பயப்பட மட்டும் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

கிரேசி


இப்ரா, ஓமன்
27.4.2007

கிரேசிக்கு,

உன் கடிதமும் கோடும் கிடைத்தது. சிரிப்புத்தான் வந்தது.

பதினாலு வருஷமாக நான் மண் வெட்டித்தான் உனக்கும் பிள்ளைக்கும் சோறு போடுகிறேன். இங்கே நான் வெட்டிய இடத்தில் முப்பதடி உயரம் கேக் வெட்டினாற்போல நிற்கிறது. கம்பெனி இஞ்சினியர் வந்து அளவெடுத்து "ஞானா, குட்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். நீ ஒரு பென்சிலைக் கொண்டு எனக்கு வேலை சொல்லித் தருகிறாய். வெயில் காலத்தில் மண் வெடிக்கும், மழை வந்தால் சேர்ந்துகொள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணனுக்கு நான் முற்றம் வெட்டியது பொறுக்கவில்லை. அவர் வழி தராமல் போனாலும் கீழ் ரோட்டில் இருந்து நானே வழி வெட்டி வீட்டு வாசலில் வண்டி கொண்டு வந்து நிறுத்தினேனே, அதுதான் அவருக்கு நோவு. மைனியை விட்டு உன்னைக் கூப்பிட்டு, பயங்காட்டி, வெட்டியதை என்னைக் கொண்டே மூட வைக்கப் பார்க்கிறார். நீயும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுகிறாய். யாருடைய பெண்டாட்டி நீ?

டிராக்டரைத் தொடாதே. சரிவில் அது பெண்ணுக்கு அடங்குகிற வண்டி இல்லை. சாவி எங்கே என்று தேட வேண்டாம், கிடைக்காது.

ஜிஷாவுக்கு முத்தம். ஸ்கூல் திறக்கும்போது நல்ல செருப்பு வாங்கிக் கொடு.

ஞானதாசன்


கல்லுவிளை
9.5.2007

அத்தானுக்கு,

யாருடைய பெண்டாட்டி என்று கேட்டிருந்தீர்கள். டிராக்டர் வாங்குவதற்குக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றித் தந்தவளுடைய புருஷன் யாரோ, அவருடைய பெண்டாட்டி.

கோடு பார்த்தீர்களா? ஓரத்தில் இருக்கிறது. இரண்டு விரல் அகலம். மழை வந்தால் சேர்ந்துகொள்ளும் என்று சொன்னீர்கள். மூன்று மழை வந்தது, சேரவில்லை. வயிறு தள்ளின மாதிரி வெட்டுச் சுவர் நடுவில் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. மத்தியானம் சும்மா நிற்கும்போதே மண் பொடிப்பொடியாக உதிர்கிறது.

டிராக்டரைத் தொடவில்லை. மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று எழுதவில்லையே. மூன்று நாளாய் நின்று நீங்கள் மூடிய ஓடையைத் தோண்டித் திறந்துவிட்டேன். உள்ளங்கையில் தோல் இல்லை. தண்ணீர் இப்போது கொஞ்சம் போகிறது. ஆனால் உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

பெரியத்தானிடம் நானே பேசினேன். "அத்தான், கொஞ்ச நாளைக்குக் கீழ எங்க வீட்டுல வந்து இருங்க, மழை கழியட்டு" என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்க வீட்டத் தள்ளுகதுக்குத்தான் ஒனக்க மாப்பிள வெட்டினான். நான் எறங்கினா அவனுக்க எண்ணம் நடந்துபோகும். செத்தாலும் இங்கதான் கெடப்பேன்." இப்படித்தான் சொன்னார். ஸ்டெல்லா அக்கா பின்னால் நின்று அழுதாள்.

நான் சண்டை போட்டுவிட்டு இறங்கி வந்தேன். வந்து சுவரைப் பார்த்தபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதனால் இதைக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கோழிக்கூட்டுப் பக்கம் வெட்டும்போது எல்லையில் இருந்து மூன்றடி விட்டுத்தான் வெட்டினீர்கள். அந்தப் பக்கம் சரிவாகவும் விட்டீர்கள், படிக்கட்டும் வைத்தீர்கள். ஆக, எப்படி வெட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பெரியத்தான் வீட்டு முன்னறைக்கு நேரே ஒரு சாண்கூட விடவில்லை. கய்யாலைக் கல்லின் அடி வெளியே தெரிகிறது. ஏன்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கிரேசி


இப்ரா
19.5.2007

கிரேசிக்கு,

கேள்வி கேட்டு ஓலை அனுப்ப நீ என்ன தாசில்தாரா?

மூன்று வருஷம் முன்னால் நீ வீட்டுக்குள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. சிமென்ட் லாரி மேல் ரோட்டில் வந்து நின்றது. வேலைக்காரர் ஆறு பேர். நான் அண்ணன் முற்றத்து ஓரத்தில் மூன்றடி வழிதான் கேட்டேன். அதுவும் விலைக்கு. அவர் முற்றத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "எனக்க முற்றம் வழியா ஒனக்கு ஒரு சட்டி மண்ணுகூடப் போகாது" என்றார். அத்தனை பேர் முன்னால். எனக்கு நடக்கச் சொல்லித் தந்த கை அது. நூற்றிருபது மூட்டையையும் ரப்பர் தோட்டம் சுற்றி, தலையில் சுமந்து கொண்டுவந்தோம். அன்று ராத்திரி உன்னிடம் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று மட்டும் சொன்னேன்.

அந்த அண்ணனுக்காக என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய்.

என் மண்ணில், என் எல்லைக்குள் வெட்டினேன். ஒரு அங்குலம்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அளந்து பார்த்துக்கொள்ளச் சொல். சட்டம் தெரிந்தவர்தானே.

இனி இதைப் பற்றி எழுதாதே. பேச்சு ஒன்றும் வேண்டாம். கோட்டை மட்டும் போட்டு அனுப்பு.

ஞானதாசன்


கல்லுவிளை
31.5.2007

அத்தானுக்கு,

கோடு போட்டிருக்கிறேன். ஒன்று தாளின் இடது விளிம்பு. மற்றது தாளின் நடுவில் இருக்கிறது பாருங்கள். அவ்வளவு.

இடவப்பாதிப் பருவமழை மூன்று நாளாய்ப் பெய்கிறது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் இருக்கிறோம். கய்யாலையில் இருந்து நாலு கல் கழன்று நம் முற்றத்தில் வந்து விழுந்தது. ஜிஷாவை வெட்டுச் சுவர்ப் பக்கம் போகவே விடுவதில்லை. நம் வீடு தள்ளி இருக்கிறது, நமக்கு ஒன்றும் வராது. மேலே இரண்டு பேர் உறங்குகிறார்கள்.

சாவியை எடுத்துவிட்டேன். நீங்கள் எதையும் ஒளிக்கிற இடம் அந்தப் பழைய ஷேவிங் டப்பாதான் என்று கல்யாணம் ஆன வருஷமே எனக்குத் தெரியும். டிராக்டரையும் எடுத்தேன். நீங்கள் ஓட்டும்போது ஒரு மாசம் பார்த்துக்கொண்டு நின்றதில் எந்தக் கம்பி பக்கெட்டைத் தூக்கும், எது கவிழ்க்கும் என்று தெரிந்திருந்தது. ஆனால் முதல் நாளே கவிழப் பார்த்தேன். மண்ணோடு பக்கெட்டை உயரே தூக்கிக்கொண்டு சரிவில் திருப்பிவிட்டேன். பின்சக்கரம் ஒன்று நிலத்தைவிட்டு எழும்பியது. ஸ்டெல்லா அக்கா மேலே நின்று "மாதாவே" என்று கத்தினாள். பக்கெட்டை எப்படித் தாழ்த்தினேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. இறங்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடியும் ஏறினேன்.

வெட்டுச் சுவரின் அடியில் மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கலாம் என்று மேஸ்திரி முத்துநாயகம் வந்து பார்த்துச் சொன்னார். நிற்கலாம் என்றார். நிற்கும் என்று சொல்லவில்லை. ஆனால் முற்றத்தில் இருந்த மண் இரண்டு நாளில் தீர்ந்துபோனது. நீங்கள் வெட்டியதெல்லாம் கீழ் ரோட்டு வளைவில் வழி நிரப்பக் கொட்டிக் கிடக்கிறது. டிராக்டர் பக்கெட்டில் அங்கே இருந்து சுமந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். வாடகை வண்டிக்காரர் எவரும் இந்தச் சேற்றில் இறங்க மாட்டோம் என்கிறார்கள். இறங்கி ஏறத் தெரிந்த வண்டி ஒன்றுதான் இந்த ஊரில் இருக்கிறது. ரப்பர் ஷீட் ஏற்றப் பெரியத்தான் வைத்திருக்கும் குட்டியானை.

போய்க் கேட்டேன். மழையில் நனைந்துகொண்டு அவர் நடையில் நின்று கேட்டேன். வண்டியை விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டைவிட்டு இறங்குங்கள், இரண்டில் ஒன்று செய்யுங்கள் என்றேன்.  "அவன் வெட்டினது தப்புண்ணு அவனுக்க கைகொண்டு ஒரு வரி எழுதட்டு. வண்டியும் தாறேன், வீடும் எறங்குதேன்" என்றார்.

அத்தான், நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சிமென்ட் மூட்டையை நினைத்து நானும் அழுதேன், இல்லையென்று சொல்லவில்லை. நீங்கள் என்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கையை விரித்து நின்றதற்கு வீடு தலையில் விழ வேண்டுமா? நாளைக்கு அந்த மண்ணுக்குள் இருந்து இரண்டு பேரைத் தோண்டி எடுக்க நேர்ந்தால், அதையும் இந்த டிராக்டர் கொண்டுதான் தோண்ட வேண்டும். நான்தான் தோண்ட வேண்டும்.

ஒரு வரி. உங்கள் கைப்பட.

கிரேசி


இப்ரா
9.6.2007

என் கிரேசிக்கு,

இதை ஊருக்கு வரும் அல்போன்ஸ் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்ப இப்போது தைரியம் இல்லை. பதின்மூன்றாம் தேதி வந்துவிடுவான்.

இங்கே புயல் அடித்த செய்தி பேப்பரில் பார்த்திருப்பாய். எனக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. கேம்பில் மூன்று நாளாகக் கரண்டு இல்லை, போன் இல்லை. உன் கடிதம் புயலுக்கு முந்தின நாள்தான் வந்தது. கோட்டைப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பிறகு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன், பார்க்காமல் இருந்தால் போதும் என்று.

மறுநாள் மழை. பதினாலு வருஷத்தில் நான் இந்த நாட்டில் அப்படி ஒரு மழை பார்த்ததில்லை. முப்பதடி நிற்கிறது என்று உனக்குப் பெருமை எழுதினேனே, அந்த வெட்டுச் சுவர் மத்தியானம் ஒரு மணிக்கு என் கண் முன்னால் உட்கார்ந்தது. சத்தம்கூட இல்லை. மேலே நின்ற ஷெட்டு அப்படியே கீழே வந்தது. சாப்பாட்டு நேரம், அதனால் உள்ளே ஆள் இல்லை. நான் வெட்டிய சுவர். இத்தனை வருஷமும் அது நின்றது என் கைத்திறமையால் இல்லை, மழை பெய்யாததால். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போனதா? தெரியும். மண்ணைப் பார்க்காமல் அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். அதுதான் நடந்தது.

கீழே எழுதுவதை அண்ணனிடம் வாசித்துக் காட்டு. விட்டுப்போகாமல் வாசி.

"அண்ணா, நான் வேண்டுமென்றேதான் கய்யாலை வரைக்கும் வெட்டினேன். காலையில் எழும்பி ஜன்னலைத் திறந்தால் பள்ளம் தெரிய வேண்டும், என்னை நினைக்க வேண்டும் என்று வெட்டினேன். வீடு விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. வெட்டியது தப்பு. இது ஞானதாசன் கைகொண்டு எழுதியது. இப்போதே இறங்குங்கள். மைனியைக் கூட்டிக்கொண்டு கீழே நம் வீட்டில் போய் இருங்கள், என் கட்டிலில் படுங்கள். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, உங்கள் நேரம் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டு நம்பருக்கு விளிப்பேன். ஊரில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். மன்னித்தீர்கள் என்றால் எடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், எடுத்தாலே போதும். மன்னிக்க முடியாது என்றால் எடுக்க வேண்டாம். புரிந்துகொள்வேன்."

கிரேசி, இனி உனக்கு. டிராக்டரை எடுத்ததற்கு என்னைத் திட்ட விடாதே, எனக்கு இப்போது திட்டுவதற்கு வலுவில்லை. சொல்கிறபடி செய். பக்கெட்டில் பாதிக்கு மேல் மண் எடுக்காதே. மண்ணோடு சரிவில் ஓட்டும்போது பக்கெட்டைத் தரையில் இருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்காதே. சரிவுக்குக் குறுக்கே ஒருபோதும் போகாதே, நேராக ஏறு, நேராகவே பின்னால் இறங்கு. பின்பக்கம் இரண்டு மண் மூட்டை கட்டித் தொங்கவிடு, பின்சக்கரம் எழும்பாது. சுவருக்கு நேர் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காதே. மண்ணைக் கொட்டினால் போதாது, ஒவ்வொரு அடுக்கையும் பக்கெட்டின் அடியால் அழுத்து. முதலில் அண்ணன் படுக்கிற அறைக்கு நேரே முட்டுக் கொடு. முன்னறை பிறகு போதும்.

கல் உருளும் சத்தம் கேட்டால் டிராக்டரைப் போட்டுவிட்டு ஓடு. இரும்பு போனால் போகட்டும்.

உன் ஞானதாசன்


மஸ்கட்
17.6.2007

கிரேசி,

சொன்ன நேரத்துக்கு விளித்தேன். கேம்ப் லைன் இன்னும் சரியாகவில்லை என்று நாலு மணி நேரம் லாரியில் வந்து மஸ்கட்டில் பூத்தில் நின்று விளித்தேன்.

முதல் தடவை மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. வந்து எடுக்க நேரம் ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவை ஏழெட்டு மணி அடித்தது. நடுவில் டக்கென்று அறுந்தது. மூன்றாவது தடவை போட்டால் லைனே போகவில்லை. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். எடுக்காமல் இருந்திருந்தால்கூடப் புரிந்துகொள்வேன் என்றுதானே எழுதினேன்? எடுத்து என் முகத்தில் அடித்தாற்போல வைக்க வேண்டுமா?

போதும் கிரேசி. நான் தாழ்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அவர் கண்ணில் நான் இன்றைக்கும் சிமென்ட் சுமந்தவன்தான். நான் வெட்டியது சரிதான். இன்னும் இரண்டடி வெட்டியிருக்க வேண்டும். அந்த வீடு விழட்டும். அதற்குள்ளேயே அவர் இருக்கட்டும். எனக்கு இனி அண்ணன் என்று ஒருவர் இல்லை.

நீ ஒரு கூடை மண்கூட அங்கே போடக் கூடாது.

ஞானதாசன்


கல்லுவிளை
18.6.2007

என் அத்தானுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் படியுங்கள், பிறகு மற்றது.

அல்போன்ஸ் புதன்கிழமை மத்தியானமே வந்து கடிதம் தந்தான். கையோடு மேலே ஏறிப் போய் வாசித்தேன். பெரியத்தான் நின்றுகொண்டே கேட்டார். முடித்ததும் தாளை என் கையில் இருந்து வாங்கி, கண்ணாடி இல்லாமல், தூரத்தில் நீட்டிப் பிடித்து அவரும் ஒரு தடவை வாசித்தார். "எழுத்து இன்னும் கோணல்தான்" என்றார்.  குட்டியானையின் சாவியை எடுத்தார். "நீ கோரு, நான் நடை அடிக்கேன்" என்றார். அன்று சாயங்காலமே அக்காவும் அவரும் துணிமணியோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உங்கள் கட்டிலில்தான் படுக்கிறார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலை செய்தோம். கீழ் ரோட்டு வளைவில் நான் டிராக்டர் பக்கெட்டால் கோரிக் குட்டியானையில் போடுவேன். அவர் அந்தச் சேற்றில் வழுக்கி வழுக்கி முற்றத்துக்கு ஏற்றுவார். கொட்டிவிட்டு இறங்கி நிற்பார். நான் வந்து தள்ளி அழுத்துவேன். நீங்கள் எழுதியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டெல்லா அக்கா கையில் கொடுத்திருந்தேன். சரிவில் பக்கெட் ஒரு முழத்துக்கு மேல் போனால் அக்கா கத்துவாள். ஐம்பத்தெட்டு நடை மண். படுக்கிற அறைக்கு நேரே சரிவாக, கெட்டியாக ஏற்றிவிட்டோம். முன்னறைப் பக்கம் திங்கட்கிழமை தொடங்கலாம் என்று இருந்தோம்.

நீங்கள் விளிப்பேன் என்று எழுதிய போன் அவர்கள் முன்னறைச் சுவரில்தான் இருக்கிறது. சனிக்கிழமையே பெரியத்தான் லைன்மேனிடம் போய், கருவியைக் கீழே மாற்றித் தாருங்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை வருகிறேன் என்றாராம். "அது போட்டு, நாளைக்கு ஏறிப் போய் ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டு எறங்கினாப் போச்சு" என்று பெரியத்தான் சொன்னார்.

நேற்று முதல் பூசைக்குப் போய் வந்தோம். வந்து பார்த்தால் முன்னறைத் தரையிலேயே விரிசல். கதவு நிலையில் இருந்து கழன்று நிற்கிறது. போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சரி சரி என்றார். பத்தரைக்குக் குளித்தார். பெட்டியில் இருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொல்லிப் போட்டுக்கொண்டார். போனில் பேச எதற்கு வெள்ளைச் சட்டை என்று ஜிஷா கேட்டாள். அவர் மேலே ஏறத்தான் போகிறார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. போய் டிராக்டரை எடுத்துக் கோழிக்கூட்டுப் பக்கம் மேலே ஏறுகிற படிக்கட்டுக்கு அடியில் குறுக்கே நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கிவைத்து, மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு மணிக்குச் சரியாக மணி அடித்தது. மழை விட்டிருந்தது, கீழே வரைக்கும் தெளிவாகக் கேட்டது.  அடித்து அடித்து ஓய்ந்தது. பெரியத்தான் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"எனக்க தம்பி விளிக்கான். வழிய விடு மக்கா" என்றார். அத்தான், அவர் என்னிடம் மூன்றடி வழி கேட்டார். நான் விடவில்லை. அவர் பக்கெட்டின் மேல் கால் வைத்து ஏறிவிட்டார். நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன், அக்கா காலைப் பிடித்தாள். சட்டை கிழிந்தது. "விடுங்க, விடுங்க, எடுக்கலேண்ணா அவன் வேற நெனப்பான்" என்று அலறினார். அப்போது கல் உருளும் சத்தம் கேட்டது.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முன்னறை போய்விட்டது. சுவரும் ஓடும் ஜன்னலும் கய்யாலையும் சேர்ந்து வந்து நம் முற்றத்தில் உட்கார்ந்தது. மணிச் சத்தம் நடுவில் அறுந்துபோனது. படுக்கிற அறை நிற்கிறது. நாங்கள் முட்டுக் கொடுத்த இடத்தில் ஒரு கல்கூட அசையவில்லை. நீங்கள் அன்றைக்குக் கேட்ட மூன்றடி வழியும் இப்போது நம் முற்றத்தில்தான் கிடக்கிறது. இன்று காலை முதல் அதைத்தான் கோரி ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

போனை நேற்றே பெரியத்தான் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்தார். வீட்டைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எடுக்காம விட்டுட்டேனே, அவன் என்ன நெனச்சிருப்பான்" என்று மட்டும் பத்துத் தடவை கேட்டுவிட்டார். அத்தான் அப்படியெல்லாம் நினைக்க மாட்டார், ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்று நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

ஜங்ஷனுக்குப் போய் உங்கள் கேம்ப் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்று பெரியத்தான் உறுதியாகச் சொல்கிறார். இன்று பத்து மணியில் இருந்து தபால்காரருக்காகக் கீழ் ரோட்டில் போய் நின்றார். உங்கள் கடிதம் வந்தால் முதலில் தானே பிரித்து வாசிக்க வேண்டுமாம், கண்ணாடியைக்கூடச் சட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறார். நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.

கிரேசி